கள்ளிப்பெட்டியில் ஒரு கன்னிக்குட்டி

கல்யாணத்துக்கு எனக்கு வந்த சாமான்களில் உயிருள்ளது ஒன்றே ஒன்று, என் தாய்மாமன் கொடுத்த நாய்க்குட்டி. கன்னி என்கிற வேட்டை நாய் இனத்துப் பெட்டைக் குட்டி. உடம்பெல்லாம் கருப்பு, பாதங்களிலும் புருவத்துக்கு மேலேயும் செம்பழுப்புப் பொட்டு. குடம், குத்துவிளக்கு, தையல் மெஷின் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றியான பிறகு மாமா அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். வைத்த இரண்டாவது நிமிஷம் அது என் பட்டுச்சேலையை நனைத்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் கரிசல் பக்கத்தில் அப்போது கன்னி நாயை யாரும் விலைக்குக் கொடுப்பதில்லை. பிரியப்பட்டவர்களுக்குச் சும்மா கொடுப்பார்கள். கட்டிக் கொடுக்கிற பெண்ணோடு ஒரு குட்டியை அனுப்புவதும் உண்டு. சும்மா கொடுப்பது என்றால் சும்மா இல்லை, கையில் அடித்து வாக்கு வாங்கிக்கொள்வார்கள். விற்கக் கூடாது. கட்டிப் போடவோ அடைத்துப் போடவோ கூடாது. வைத்துக்கொள்ளத் தோதுப்படவில்லை என்றால் கொடுத்த கைக்கே திருப்பித் தந்துவிட வேண்டும். மாமா என் உள்ளங்கையை விரித்துப் பிடித்து இதையெல்லாம் சொன்னார்.

"அடைச்சு வளத்த கன்னி ஓடாது தாயி. ஓடாட்டா அது என்ன கன்னி? நா ஒருநா வந்து பாப்பேன், ஆமா."

வேர்வையும் நகையும் கழுத்தை அறுக்க, "சரி மாமா, சரி மாமா" என்று கையில் அடித்துக் கொடுத்தேன். அன்றைக்கு நான் எல்லாவற்றுக்குமே சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது நடந்தது எழுபதுகளின் கடைசியில். கோவில்பட்டியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு வளவு வீடு. நடுவில் முற்றம், சுற்றி ஆறு குடித்தனம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அறை. முன்வாசல் முற்றத்துக்கும், பின்வாசல் ஒரு சந்துக்கும் திறக்கும். சந்தைத் தாண்டினால் காய்ந்த பருத்திமார்ச் செடிகள் நிற்கிற தரிசு நிலம். என் வீட்டுக்காரருக்கு மில்லில் டைம் ஆபீஸ் உத்தியோகம். வளவுக்குச் சொந்தக்காரியை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். நாற்பது வயது இருக்கும். நல்ல கை, நல்ல மனசு, நாக்கு மட்டும் அரிவாள்.

தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற தொழிற்சாலையிலிருந்து மரச்சீவலும் நீலக் காகிதமும் கட்டுக்கட்டாக அக்கா வீட்டில் வந்து இறங்கும். ஆறு வீட்டுப் பெண்களும் சீவலை மடித்து, காகிதத்தைச் சுற்றி, மைதாப் பசையில் ஒட்டித் தீப்பெட்டிக் கூடு செய்வோம். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும். ஒட்டின கூடுகள் முற்றம் முழுக்க வெயிலில் காயும். நடப்பதற்கு ஒற்றையடிப் பாதைதான் மிச்சம்.

இந்த இடத்துக்குத்தான் நான் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தேன். நாய்க்கு வெளிக்கிருக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. என் ஊரில் நாய் நாய்பாட்டுக்குப் போகும், மண் மண்பாட்டுக்கு இழுத்துக்கொள்ளும். இங்கே சிமெண்டுத் தரை. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், வந்தால் வீட்டுக்கு நாலு குடம். குட்டி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இருந்தால் பத்துச் செம்புத் தண்ணீர் போயிற்று. குடிக்கிற தண்ணீரை ஊற்றித் தரையைக் கழுவும்போது எனக்கு மாமா மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

பத்தாம் நாள் காலையில் அக்கா தன் வாசல்படியில் இறங்கி, குட்டி இருந்து வைத்திருந்ததை வெறுங்காலோடு மிதித்துவிட்டார்.

"ஏட்டி, இத என்ன வீடுன்னு நெனச்சியா, தொழுவுன்னு நெனச்சியா? நாளைக்கு அது சரக்குல போயி இருந்துச்சுன்னா ஆபீஸ்ல எனக்குச் சரக்குத் தருவானா? ஒரு மாசம் தாரேன். அதுக்குள்ள பழகிட்டா கெடக்கட்டும். இல்லேன்னா நாயை அனுப்பு, இல்ல நாயோட நீயும் பொறப்படு."

நியாயமான பேச்சுதான். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் குட்டி என் பாதத்தின் மேல் தாடையை வைத்துத் தூங்கியபோது, இதைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசில்லை என்று தெரிந்தது. அந்த ஊரில் எனக்கு என்று வந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவருடையது, இல்லாவிட்டால் அக்காவுடையது.

என் வீட்டுக்காரர் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டரிடம் யோசனை கேட்டுக்கொண்டு வந்தார். மாஸ்டர் மெட்ராஸ்காரர், குவார்ட்டர்ஸில் சடைநாய் வளர்ப்பவர். அவர் சொன்னதை இவர் டைம் ஆபீஸ் சீட்டின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதியிருந்தார். நாய் தான் படுக்கிற இடத்தை அசிங்கம் பண்ணாது. அதனால் ஒரு பெட்டிக்குள் போட்டு மூட வேண்டும். தூங்கி எழுந்ததும், தின்றதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் திறந்துவிட வேண்டும். வெளியே காகிதம் விரித்து அதில்தான் இருக்கப் பழக்க வேண்டும். பிறகு காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசலுக்கு நகர்த்த வேண்டும்.

"அடைக்க மாட்டேன்னு மாமாவுக்குக் கையடிச்சுக் குடுத்திருக்கேன்" என்றேன்.

"அடைக்கிறதுன்னா பூட்டுப் போட்டு வைக்கிறது. இது படுக்கப் போடுறது. ரெண்டு மணிக்கு ஒருக்கா தொறந்துவிடப் போற. இதுல என்ன அடைப்பு இருக்கு?"

டைம் ஆபீஸ்காரரிடம் நேரத்தைப் பற்றி வாதாடி ஜெயிக்க முடியுமா? மேலும் எனக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது. மறுநாள், வடக்கே தீப்பெட்டி அனுப்புகிற கள்ளிப்பெட்டி ஒன்றை அவர் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். முன்பக்கம் கோழிவலை அடித்த ஒரு கதவு, பிடித்துக்கொள்ள பழைய செருப்பு வாரில் இரண்டு கீல், மாட்ட ஒரு கம்பி வளையம். உள்ளே சாக்கை மடித்துப் போட்டு, மேலே என் பழைய பாவாடையை விரித்தேன்.

முதல் நாள் பகல் முழுக்க அது அழுத அழுகையில் ஆறு வீடும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கத்தும்போது திறக்கக் கூடாது, வாயை மூடினபோது திறக்க வேண்டும் என்பது மாஸ்டர் உத்தரவு. அது வாயை மூடுவதாக இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து நானும் பதிலுக்குக் கத்தினேன். மூச்சு வாங்க அது ஒரு நொடி நிறுத்தும், நான் ஓடிப்போய்த் திறப்பேன். மூன்றாம் நாளிலிருந்து கம்மங்கஞ்சிக் கும்பாவைப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். கஞ்சி உள்ளே என்றானதும் அதற்குப் பெட்டி மேல் இருந்த மனஸ்தாபம் போய்விட்டது. ஒரு வாரத்தில் தானாகப் போய்ப் படுத்துக்கொண்டது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. மாஸ்டர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

காகிதத்துக்கு வருவோம். மாஸ்டர் வீட்டில் இங்கிலீஷ் பேப்பர் குவிந்து கிடக்கும்போல. எங்கள் வீட்டில் பத்திரிகை வாங்குகிற வழக்கம் இல்லை. என்னிடம் இருந்த காகிதமெல்லாம் தீப்பெட்டி ஒட்டும்போது கிழிந்ததும் அளவு தப்பியதுமான நீலக் காகிதம்தான். அது மூட்டையாகக் கிடந்தது. அதைத்தான் விரித்தேன். பெட்டியைத் திறந்ததும் குட்டியைத் தூக்கி நீலத்தின் மேல் விடுவேன். சுற்றிச் சுற்றி முகர்ந்து பார்த்துவிட்டு உட்காரும். இருந்து முடித்ததும் வாயில் ஒரு பொட்டுக் கருப்பட்டி. தப்பித் தரையில் உட்காரப் போனால் கையைத் தட்டுவேன், எழுந்து ஓடி நீலத்துக்குப் போகும். பத்தே நாளில் படித்துவிட்டது. காகிதத்தை அடுப்படியிலிருந்து பின்வாசலுக்கு முழம் முழமாக நகர்த்தினேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்களிடம், "சொல்லிக் குடுக்குற விதத்துல சொல்லிக் குடுக்கணும்" என்றெல்லாம் பேசினேன்.

அக்கா தந்த மாசத்தில் பதினெட்டாம் நாள். யாரோ கூப்பிட்டார்கள் என்று கம்பி வளையத்தைச் சரியாக மாட்டாமல் போய்விட்டேன். குட்டி தூங்கி எழுந்திருக்கிறது, கதவை முட்டியிருக்கிறது, திறந்துகொண்டது. பின்வாசல் சாத்தியிருந்ததால் முன்வாசல் வழியாக முற்றத்துக்குப் போயிருக்கிறது. முற்றத்தில் ஆறு வீட்டுக் கூடும் காய்ந்துகொண்டிருந்தது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நீலம்.

"ஏட்டி! ஓடியா! ஒம் மக பண்ணியிருக்க வேலைய வந்து பாரு!" என்று அக்கா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

ஓடி வந்தேன். குட்டி நிதானமாக, ஒரு இடத்தில் கொஞ்சம், இன்னொரு இடத்தில் கொஞ்சம் என்று மூன்று இடத்தில் இருந்து முடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு கூடுகளை மிதித்து நசுக்கியபடி ஓடி வந்து, என் காலடியில் உட்கார்ந்து வாயைத் திறந்தது. கருப்பட்டி கேட்கிறது! அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. ஊரில் எந்த மடச்சியும் செய்யாத வேலையை நான் செய்திருக்கிறேன். தீப்பெட்டி ஒட்டுகிற வளவில், தீப்பெட்டிக் காகிதத்தில் நாயைப் பழக்கியிருக்கிறேன்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னும் பன்னெண்டு நாள் கெடக்கு. சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா அதுக்கு மேல ஒருநா கேக்காத" என்றார்.

வீணான கூடு அத்தனையையும் நானே மறுபடி ஒட்டிக் கொடுத்தேன். மூன்று நாள் ஆயிற்று. மயில்துத்தம் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. எரிச்சலில் அழுகை வரும், கண்ணைத் துடைத்தால் கண் எரியும். பெட்டிக்குள்ளிருந்து குட்டி வலை வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். "இங்கிட்டுப் பாக்காதட்டி. எல்லாம் ஒன்னாலதான்" என்பேன். உண்மையில் எல்லாம் என்னால்தான்.

நாலாம் நாள் மாஸ்டர் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பின்னால் தரிசு நிலத்திலிருந்து ஒரு இரும்புச் சட்டி நிறையக் கரிசல் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து பின்வாசலில் வைத்தேன். நீலக் காகிதம் என் வீட்டுக்குள் வரக் கூடாது என்று வைத்துக்கொண்டு, தீப்பெட்டி ஒட்டப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். திறந்துவிட்டதும் குட்டியைச் சட்டியில் விட்டேன். மண்ணை ஒருமுறை முகர்ந்தது. அவ்வளவுதான், இருந்துவிட்டது. இரண்டாம் நாளே தானாகப் போனது. பிறகு சட்டியைச் சந்துக்கு, சந்திலிருந்து நிலத்துக்கு நகர்த்தி, கடைசியில் சட்டியையே எடுத்துவிட்டேன். முற்றத்தில் நீலத்தைப் பார்த்துக் கால் தயங்கினால், "ம்ஹும்" என்பேன். நின்றுவிடும். நான் "போ" என்றால் பெட்டிக்குள் போகும். "வா" என்றால்தான் வெளியே வரும். கதவு திறந்து கிடந்தாலும் நான் சொல்லாமல் வருவதில்லை. இன்னொரு தடவை முற்றத்துக்குப் போய்விடக் கூடாதே என்ற பயத்தில், அதைக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

மாசம் முடிந்த அன்று அக்கா தன் வாசலில் உட்கார்ந்து பார்த்தார். நான் முன்வாசலைத் திறந்து "வா" என்றேன். குட்டி ஒற்றையடிப் பாதையில் ஒரு கூட்டைக்கூட உரசாமல் முற்றத்தைச் சுற்றி, என் பின்னாலேயே வீட்டுக்குள் வந்து, பின்வாசல் வழியாக நிலத்துக்குப் போய் இருந்துவிட்டு வந்தது.

"சரிட்டி, கெடக்கட்டும்" என்றார் அக்கா. "இந்த வளவுல மனுசப் பிள்ளைகளுக்குக்கூட இம்புட்டு வெவரம் கெடையாது."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். கல்யாணமாகி வந்த அந்த வருஷத்தில் வேறு எதற்கும் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அன்றைக்குக் குட்டிக்கு முட்டை அவித்துப் போட்டேன்.

பெட்டியை அதோடு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எனக்குச் சௌகரியமாக இருந்தது. நான் தீப்பெட்டி ஒட்டப் போகும்போது அது உள்ளே இருந்தால் கவலை இல்லை. ஆடி பிறந்தது, குட்டிக்குக் கால் நீண்டது. கன்னிக்குக் கால்தான் முதலில் வளரும். பெட்டிக்குள் முதுகை வளைத்துத்தான் நிற்க முடிந்தது. பெரிய பெட்டி பார்க்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். பெட்டியே வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து நின்றார், சொல்லாமல் கொள்ளாமல். கையில் ஒரு பை நிறைய மொச்சைக்காய். நானும் வீட்டுக்காரரும் சாப்பாட்டை முடித்திருந்தோம். அக்கா என்னிடம் பேசிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். மாமாவிடம் நான் கொடுத்த வாக்கைப் பற்றி அக்காவுக்குத் தெரியும், நான்தான் புலம்பியிருக்கிறேன். மாமாவின் கண் நேராக மூலைக்குப் போனது. கள்ளிப்பெட்டி, கோழிவலைக் கதவு, உள்ளே நாய்.

நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டார். "அது சும்மா வெளையாட்டுக்குப் போயி படுத்துக்கிடும் அண்ணாச்சி. அடைக்கிறதெல்லாம் கெடையாது. நானே பாக்கேன்லா, நாள் பூரா ஓட்டந்தான்."

இரண்டு மூன்று மாசத்துக்கு முன்னால் நாயை அனுப்பு என்ற அதே அக்கா.

மாமா பெட்டிப் பக்கம் போனார். குனிந்து வளையத்தை எடுத்துக் கதவை விரியத் திறந்தார். நாலடி தள்ளிப் போய்க் குத்தவைத்து, நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை அடித்தார். கன்னிகளை அவர் எப்போதும் கூப்பிடுகிற சீழ்க்கை அது. நாயின் காது இரண்டும் விறைத்தன. உடம்பு முழுக்க நடுங்கியது. வால் பெட்டியின் பலகையில் படபடவென்று அடித்தது. ஆனால் வெளியே வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தது.

மாமா இன்னொரு தடவை அடித்தார். அது என்னையே பார்த்தது. வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. அந்த முனகலை என்னால் தாங்க முடியவில்லை.

"வா" என்றேன்.

ஒரே பாய்ச்சலில் வெளியே வந்து மாமாவின் மேல் ஏறியது. அவர் அதன் முதுகெலும்பை விரலால் நீவிப் பார்த்தார். பின்னங்காலை நீட்டி, மடக்கிப் பார்த்தார். அக்கா மெல்ல நகர்ந்து தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

"அடைச்சுத்தான் மாமா வச்சிருந்தேன்" என்றேன். "இல்லேன்னா வீட்டுல இருக்க விட மாட்டாங்க."

"தெரியுது தாயி. நல்லாத்தான் பழக்கியிருக்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். நாயைத் தடவிக்கொண்டே என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "மாப்ள, கொஞ்சம் மண்ணு கெடக்குற மாதிரி தனி வீடு பாக்குதீங்களா? சொல்லுங்க. நாய் இங்கனயே இருக்கட்டும்."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு முற்றத்தைப் பார்த்தார். "பாக்கலாம் மாமா" என்றார்.

'பாக்கலாம்' என்றால் என்ன என்று மாமாவுக்குத் தெரியாதா? எழுந்து துண்டை உதறினார். "பாத்து வச்சிட்டுச் சொல்லுங்க. நா கொண்டாந்து விடுதேன்." ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, நாயைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். மாமா செய்தது சரிதான். வாக்கு கொடுத்தவள் நான், மீறினவளும் நான். ஆனாலும் அவர் தெருமுனை திரும்பும் வரை அவரைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன். மறுநாள் விடிந்ததும் பழக்கத்தில் எழுந்துபோய்ப் பின்வாசலைத் திறந்துவிட்டேன். சந்தில் குடத்தோடு வந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, போயி மூஞ்சியக் கழுவு" என்றார்.

கொஞ்ச நாள் வீடு தேடினோம். மண் இருந்த இடத்தில் தண்ணீர் இல்லை, தண்ணீர் இருந்த இடம் மில்லுக்குத் தூரம். பிறகு பிள்ளை பிறந்தது, தேடுவதை விட்டுவிட்டோம். வருஷா வருஷம் எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மாமா வருவார். சாப்பிட்டுக் கை கழுவினதும் என்னிடம் வந்து, "வீடு பாத்தாச்சா தாயி?" என்பார். குத்தல் கிடையாது, நிஜமாகவே கேட்பார். "பாத்துக்கிட்டு இருக்கோம் மாமா" என்பேன். "நல்லா ஓடுது" என்பார். அவ்வளவுதான் பேச்சு. நான் ஒரு தடவைகூட மாமா ஊருக்குப் போய் அதைப் பார்க்கவில்லை. போனால் அது என்னைப் பார்த்து உத்தரவுக்காக நின்றுவிடுமோ என்று பயம். என்னை அடையாளம் தெரியாமல் ஓடிவிடுமோ என்றும் பயம்.

பதினோராவது வருஷம் நாங்கள் தனி வீடு பார்த்தோம். ஊர் ஓரத்தில், பின்னால் ஒரு சால் உழுகிற அளவுக்குக் கரிசல் மண்ணோடு. கிழட்டு நாய்க்கு அது போதும். அந்த வருஷக் கொடையில் மாமா கை கழுவுகிற வரை பக்கத்திலேயே காத்துக்கொண்டு நின்றேன். மாமா வந்தார். மழை உண்டா என்று கேட்டார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பந்தலைப் பார்த்தார். "வாரேன் தாயி" என்றார். போய்விட்டார்.

"என்ன, உங்க மாமா இந்த வருசம் கேக்க மறந்துட்டாரு?" என்றார் என் வீட்டுக்காரர்.

மாமா மறக்கவில்லை. கொண்டுவந்து விட அவரிடம் இனி நாய் இல்லை. இவருக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பந்திப் பாத்திரங்கள் கிடந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்து அழுதேன்.